மூன்றாம் முறை ஜிஆர்இ: வேலையை விட்டுவிட்டுப் படிக்கலாமா?

கடிதத்தின் சுருக்கம்

கடிதம் எழுதியிருப்பவர் இருபத்தாறு வயதுப் பெண். ஒரு நிறுவனத்தில் தரவுப் பகுப்பாய்வுப் பணியில் இருக்கிறார். புள்ளியியலில் முதுகலை படிக்க விரும்பி இதுவரை இரண்டு முறை, மேற்படிப்புச் சேர்க்கைக்குப் பல பல்கலைக்கழகங்கள் கேட்கும் ஜிஆர்இ பொதுத்தேர்வை எழுதியிருக்கிறார். முதல் முறை வெர்பல் எனப்படும் மொழிப் பகுதியில் 151, குவான்ட் எனப்படும் கணிதப் பகுதியில் 158, மொத்தம் 340க்கு 309. ஐந்து மாதம் கழித்து எழுதியபோது வெர்பல் 153, குவான்ட் அதே 158, மொத்தம் 311. இடைப்பட்ட மாதங்களில் வேலை முடிந்து வந்தபின் நள்ளிரவு தாண்டியும் படித்ததாகவும், நான்கு மணி நேரத்துக்கு மேல் தூங்கிய நாள் அரிது என்றும், 3,500 சொற்கள் கொண்ட ஒரு பட்டியலை மூன்று முறை மனப்பாடம் செய்து முடித்ததாகவும் எழுதுகிறார். வீட்டில் எழுதிய மாதிரித் தேர்வில் 320 வரை எட்டியவருக்குத் தேர்வு மையத்தில் அது கைகூடவில்லை. கணிதப் பகுதி தொடங்கியதும் உள்ளங்கை வியர்த்து, நெஞ்சு படபடத்து, தெரிந்த சூத்திரம்கூட மறந்துபோனது என்கிறார். விடை தவறினால் மதிப்பெண் குறையும் என்று அஞ்சி, ஒவ்வொரு கணிதப் பகுதியிலும் மூன்று நான்கு கேள்விகளைக் காலியாக விட்டிருக்கிறார். பள்ளி நாளிலிருந்தே மெதுவாக வாசிப்பவர்; டிஸ்லெக்சியா என்னும் வாசிப்புக் குறைபாடு இருக்கலாம் என்று ஒரு மருத்துவர் அப்போதே சொன்னதை வீட்டில் யாரும் தொடர்ந்து கவனிக்கவில்லை.

இப்போது அவர் கேட்பவை இவை. வேலையை விட்டுவிட்டு முழுநேரமாகப் படித்து மூன்றாம் முறை எழுதலாமா? முந்தைய இரண்டு மதிப்பெண்களையும் பல்கலைக்கழகங்கள் பார்த்துவிடுமா? ‘330 உறுதி, இல்லையேல் பணம் திரும்பக் கிடைக்கும்’ என்று சொல்லும் பயிற்சி மையத்தில் சேரலாமா? டெலிகிராம் குழு ஒன்றில் ‘கடந்த வாரத் தேர்வுக் கேள்விகள்’ விற்கிறார்களே, வாங்கினால் என்ன? கடைசியாக, எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கும் கேள்வி: ‘எனக்கு அவ்வளவுதான் அறிவா?’

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனெனில் மற்ற நான்கையும் அதன் நிழலில் நின்றுதான் கேட்டிருக்கிறீர்கள். ஜிஆர்இ உங்கள் அறிவை அளப்பதில்லை. வாசித்துப் புரிந்துகொள்ளுதல், உயர்நிலைப் பள்ளி அளவிலான கணிதத்தைக் கொண்டு யோசித்தல், ஒரு கருத்தை வாதமாக எழுதுதல் ஆகிய சில திறன்கள் குறிப்பிட்ட ஒரு நாளில், குறிப்பிட்ட நேர நெருக்கடியில், எந்த அளவுக்குச் செயல்படுகின்றன என்பதை மட்டுமே அது பார்க்கிறது. அந்த அளவீட்டிலும் பிழை உண்டு. ஒவ்வொரு பகுதியின் மதிப்பெண்ணும் சுமார் இரண்டு புள்ளிகள் மேலோ கீழோ தற்செயலாக நகரக்கூடியது என்பதைத் தேர்வை நடத்தும் ஈடிஎஸ் அமைப்பே ஒப்புக்கொள்கிறது. புள்ளியியல் படிக்கப் போகிறவர் என்பதால் உங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை: 309க்கும் 311க்கும் இடையிலுள்ள வேறுபாட்டை முன்னேற்றம் என்றும் சொல்ல முடியாது, பின்னடைவு என்றும் சொல்ல முடியாது. ஆகவே ஐந்து மாத உழைப்பு ஏன் மதிப்பெண்ணாக மாறவில்லை என்று கேட்பதுதான் பயன் தரும். அதற்கான விடை உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது.

உழைப்பு எங்கே போயிற்று

கடிதத்தில் சொற்பட்டியலைப் பற்றி ஒரு பக்கத்துக்கு மேல் எழுதியிருக்கிறீர்கள். கணிதத்துக்கு எவ்வளவு நேரம் செலவிட்டீர்கள் என்பதற்கு ஒரே ஒரு வரிதான் இருக்கிறது: ‘கணிதம் எனக்கு வரும் என்பதால் வார இறுதியில் மட்டும் பார்த்தேன்.’ புள்ளியியல் துறையின் சேர்க்கைக் குழு முதலில் பார்ப்பது குவான்ட் மதிப்பெண்ணைத்தான். இந்தத் தேர்வை எழுதுவோரில் பொறியியல், கணினி, கணிதத் துறையினர் ஏராளம் என்பதால், அந்தப் பகுதியில் 160 எடுத்தவரே ஏறக்குறைய நடுவில்தான் நிற்பார். வெர்பலில் 160 எடுத்தவரோ பெரும்பாலானோரைத் தாண்டி நிற்பார். இரண்டுக்கும் 130 முதல் 170 வரை ஒரே அளவுகோல் என்பதால், 158 என்ற எண்ணைப் பார்த்துவிட்டு ‘கணிதம் பரவாயில்லை’ என்று நீங்கள் முடிவு செய்ததில் வியப்பில்லை. மதிப்பெண்ணை மட்டும் பார்க்காமல், அதன் பக்கத்தில் அச்சாகும் பெர்சன்டைலையும் (தேர்வெழுதியோரில் எத்தனை விழுக்காட்டினர் உங்களுக்குக் கீழே என்பதையும்) பார்த்திருந்தால் உங்கள் கால அட்டவணையே வேறாக இருந்திருக்கும்.

சொற்களை மனப்பாடம் செய்தது வீண் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் வெர்பல் பகுதியில் ஏறக்குறைய பாதிக் கேள்விகள் வாசிப்புப் புரிதலைச் சார்ந்தவை. மீதியுள்ள கோடிட்ட இடக் கேள்விகளிலும் சொல்லின் பொருளைக் காட்டிலும் வாக்கியம் எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதே விடையைத் தீர்மானிக்கிறது. இரண்டு அல்லது மூன்று கோடிட்ட இடங்கள் உள்ள கேள்வியில் எல்லாம் சரியாக இருந்தால்தான் மதிப்பெண். ஒன்று தவறினாலும் முழுவதும் போய்விடும். பட்டியலை மூன்றாம் முறை புரட்டிய நேரத்தில் நாளுக்கு ஒரு கடினமான கட்டுரையை வாசித்து, அதன் வாதத்தை இரண்டு வரியில் எழுதிப் பார்த்திருந்தால் அதிகப் பயன் கிடைத்திருக்கும்.

படித்த முறையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பாடக்குறிப்பைத் திரும்பத் திரும்ப வாசிக்கும்போது ‘தெரிந்துவிட்டது’ என்ற உணர்வு எளிதில் வந்துவிடுகிறது. 2006இல் உளவியலாளர்கள் ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்பிக்கியும் வெளியிட்ட ஓர் ஆய்வில், ஒரு பகுதியைப் படித்த மாணவர்களில் ஒரு சாரார் அதையே மீண்டும் வாசித்தார்கள். மறுசாரார் புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது மீண்டும் வாசித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்தோ, எழுதிப் பார்த்தவர்கள் 56 விழுக்காடும் மீண்டும் வாசித்தவர்கள் 42 விழுக்காடும் நினைவில் வைத்திருந்தார்கள். நள்ளிரவில் உங்களுக்குத் தெரிந்திருந்த சூத்திரம் தேர்வு மையத்தில் மறந்துபோனதற்குப் பதற்றம் மட்டும் காரணமாக இருந்திருக்காது.

காலியாக விட்ட கேள்விகள்

ஜிஆர்இயில் தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு கிடையாது. காலியாக விட்டதற்கும் தவறாக விடையளித்ததற்கும் ஒரே பூஜ்யம்தான். உங்கள் அச்சம் எங்கிருந்து வந்திருக்கும் என்று ஊகிக்க முடிகிறது: அமெரிக்க இளங்கலைச் சேர்க்கைக்கான எஸ்ஏடி தேர்வில் தவறான விடைக்குக் கால் புள்ளி கழிக்கும் முறை இருந்து, 2016இல் அது நீக்கப்பட்டது. அந்தக் காலத்து அறிவுரைகள் இன்னும் வாய்மொழியாக வலம் வருகின்றன. மேலாண்மைப் படிப்புக்கான ஜிமேட் தேர்வு எழுதிய உங்கள் நண்பர் ‘முதல் சில கேள்விகளுக்குத்தான் மதிப்பு அதிகம், திரும்பிப் போகவும் முடியாது’ என்று சொன்னதும் இந்தத் தேர்வுக்குப் பொருந்தாது. ஜிஆர்இயில் ஒரு பகுதிக்குள் எந்தக் கேள்விக்கும் குறியிட்டுவிட்டுத் திரும்பி வரலாம். அந்தப் பகுதிக்குள் எல்லாக் கேள்விக்கும் சமமான எடைதான். ஆனால் முதல் கணிதப் பகுதியில் நீங்கள் எப்படிச் செய்கிறீர்கள் என்பதைப் பொறுத்து இரண்டாம் பகுதியின் கடினம் அமையும். முதல் பகுதியில் மதிப்பெண் குறைந்து எளிய இரண்டாம் பகுதி வந்துவிட்டால், அதில் எவ்வளவு நன்றாகச் செய்தாலும் உச்ச மதிப்பெண்ணை எட்ட முடியாது.

இதையும் மிகைப்படுத்திக்கொள்ள வேண்டாம். நான்கு கேள்விகளுக்குக் கண்ணை மூடிக்கொண்டு விடையளித்தால் சராசரியாக ஒன்று சரியாகும், அவ்வளவே. உண்மையான லாபம் வரிசையை மாற்றுவதில் இருக்கிறது. 2023 செப்டம்பரில் சுருக்கப்பட்ட இப்போதைய தேர்வில், முதல் கணிதப் பகுதியில் 21 நிமிடத்துக்கு 12 கேள்விகளும் இரண்டாவதில் 26 நிமிடத்துக்கு 15 கேள்விகளும் வருகின்றன. ஒரு கேள்விக்குச் சுமார் ஒன்றே முக்கால் நிமிடம். ஒரு கேள்வியில் முப்பது விநாடி போன பிறகும் வழி புலப்படவில்லை என்றால், ஏதேனும் ஒரு விடையைத் தேர்ந்து, குறியிட்டு, அடுத்ததற்குப் போய்விட வேண்டும். நீங்கள் ஐந்தாம் கேள்வியிலேயே ஆறு நிமிடம் நின்றதாக எழுதியிருக்கிறீர்கள். கடைசியில் காலியாகக் கிடந்த நான்கு கேள்விகளில் உங்களுக்கு எளிதானவை இருந்தனவா என்பதுகூட உங்களுக்குத் தெரியாது என்பதே எனக்கு வருத்தமாக இருக்கிறது.

அந்த 320 எப்படி வந்தது

நீங்கள் போகிறபோக்கில் எழுதிய ஒரு வரி: ‘ஈடிஎஸ் இலவசமாகத் தரும் இரண்டு பவர்பிரெப் மாதிரித் தேர்வுகளையும் இரண்டு முறை எழுதினேன், இரண்டாம் முறை 320 வந்தது.’ அதற்கு அடுத்த வரியில், நடுவில் எழுந்துபோய் வேறு வேலை பார்த்துவிட்டுத் தொடர்ந்ததாகவும் சொல்கிறீர்கள். ஏற்கெனவே பார்த்த கேள்விகளுக்கு இடைவெளி விட்டு எழுதிய தேர்வில் வந்த எண் அது. உண்மைத் தேர்வோ 1 மணி 58 நிமிடம், நடுவில் இடைவேளை இல்லாமல் ஓடுவது. ஆகவே உங்களிடமிருந்து யாரும் பத்துப் புள்ளிகளைப் பறித்துவிடவில்லை. உங்கள் உண்மையான நிலை முதல் முறையிலிருந்தே 310ஐ ஒட்டித்தான் இருந்திருக்கிறது. இதைக் கேட்கக் கசப்பாக இருக்கலாம். ஆனால் ‘தேர்வு அறையில் உறைந்துபோகிறவள்’ என்று உங்களுக்கு நீங்களே கொடுத்துக்கொண்ட பெயரை இது பாதியளவு நீக்கிவிடுகிறது.

மீதிப் பாதி படபடப்பு. அதை ஒழித்துவிட்டுத்தான் எழுத முடியும் என்று எண்ண வேண்டியதில்லை. 2010இல் உளவியலாளர் ஜெரமி ஜேமிசனும் உடன் பணியாற்றியோரும் ஜிஆர்இக்குத் தயாராகிக்கொண்டிருந்த மாணவர்களிடமே ஓர் ஆய்வு நடத்தினார்கள். ‘தேர்வுக்கு முன் வரும் படபடப்பு மதிப்பெண்ணைக் கெடுப்பதில்லை, உதவவும் கூடும்’ என்று ஒரு குழுவிடம் மட்டும் முன்கூட்டியே சொன்னார்கள். அந்தக் குழு ஆய்வுக்கூடத்தில் நடந்த மாதிரிக் கணிதத் தேர்வில் மட்டுமன்றி, பின்னர் எழுதிய உண்மைத் தேர்விலும் கணிதத்தில் கூடுதல் மதிப்பெண் பெற்றது. சிறிய ஆய்வுதான்; மந்திரம்போல நம்ப வேண்டாம். ஆனால் நெஞ்சு படபடக்கும்போது ‘போச்சு’ என்று நினைப்பதற்கும் ‘உடம்பு தயாராகிறது’ என்று நினைப்பதற்கும் செலவு ஒன்றுதான். தேர்வு இல்லாத நாள்களிலும் இதே படபடப்பும் தூக்கமின்மையும் தொடர்ந்தால் மட்டும் ஒரு மருத்துவரையோ மனநல ஆலோசகரையோ நேரில் பாருங்கள்.

நான்கு மணி நேரத் தூக்கத்தை உழைப்புக்குச் சான்றாக எழுதியிருக்கிறீர்கள். நான் அதைச் சான்றாக ஏற்கவில்லை. பெரியவர்களுக்கு ஏழு மணி நேரமாவது தேவை; அன்றைய பாடம் நினைவில் படிவதே தூக்கத்தில்தான். இரவு பதினொன்றுக்கு மேல் புத்தகத்தைத் திறக்காதீர்கள்.

வேலையை விடலாமா?

வேண்டாம் என்பதே என் கருத்து. உங்களுக்குக் குறைவாக இருந்தது நேரம் அல்ல என்பதை மேலே சொன்னவையே காட்டுகின்றன. வேலையை விட்டால் மூன்றாம் தேர்வின் தோளில் இன்னும் பெரிய சுமை ஏறும். படபடக்கும் நெஞ்சுக்கு அது நல்லதல்ல. மேலும், தரவுப் பகுப்பாய்வில் நீங்கள் செய்துவரும் பணியே உங்கள் விண்ணப்பத்தின் வலுவான பகுதி. உங்கள் மேலாளர் எழுதும் பரிந்துரைக் கடிதத்துக்கும், ஏன் படிக்க விரும்புகிறீர்கள் என்று நீங்கள் எழுதும் நோக்க அறிக்கைக்கும் அதுவே பொருள் தரும். ஜிஆர்இ மதிப்பெண்ணை மட்டும் வெட்டுக்கோடாக வைத்து யாரையும் நிராகரிக்கக் கூடாது என்று ஈடிஎஸ் அமைப்பே சேர்க்கைக் குழுக்களுக்கு அறிவுறுத்துகிறது. எல்லாத் துறைகளும் அதன்படி நடக்கின்றன என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். பல துறைகள் இந்தத் தேர்வையே கைவிட்டுவிட்டன, சில அதை விருப்பத்துக்கு விட்டுவிட்டன என்பதால், நீங்கள் விண்ணப்பிக்கும் ஒவ்வொரு துறையின் அறிவிப்பையும் முதலில் வாசியுங்கள். பட்டியலில் பாதி இடங்கள் அதைக் கேட்கவே இல்லை என்று தெரிந்தால், மூன்றாம் தேர்வு பற்றிய முடிவே மாறக்கூடும்.

எழுதுவதென்றால், வேலையோடு சேர்த்தே எட்டு முதல் பத்து வாரம் போதும். நாளுக்கு ஒன்றேகால் மணி நேரம், அதில் மூன்றில் இரண்டு பங்கு கணிதம். தவறிய ஒவ்வொரு கேள்வியையும் ஒரு நோட்டில் எழுதி, ஏன் தவறியது என்று ஒரு வரியில் குறியுங்கள்: கருத்தே தெரியவில்லையா, கேள்வியைத் தவறாக வாசித்தேனா, கணக்கில் சறுக்கினேனா, நேரம் போதவில்லையா. மூன்று வாரத்தில் அந்த நோட்டே உங்களுக்குப் பாடத்திட்டம் ஆகிவிடும். நான் பார்த்த மாணவர்களில் பலருக்கு ஐம்பது தவறுகள் ஏழெட்டு வகைக்குள் அடங்கிவிட்டன. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, இதுவரை பார்க்காத ஒரு முழு மாதிரித் தேர்வை இடையில் எழாமல் எழுதுங்கள். அப்படி எழுதிய இரண்டு தேர்வுகளில் குவான்ட் 163ஐத் தாண்டாவிட்டால் தேர்வைத் தள்ளிவையுங்கள்.

உங்களுக்குள்ள உரிமைகள்

முந்தைய மதிப்பெண்கள் தாமாகப் பல்கலைக்கழகத்துக்குப் போய்விடுவதில்லை. மதிப்பெண் ஐந்து ஆண்டுகள் செல்லும். அதற்குள் எழுதியவற்றில் எந்தத் தேர்வின் முடிவை அனுப்புவது என்பதை ‘ஸ்கோர்செலெக்ட்’ முறைப்படி நீங்களே தேர்ந்தெடுக்கலாம். நீங்கள் அனுப்பாத மதிப்பெண்ணைப் பற்றிய குறிப்பு எதுவும் அந்த அறிக்கையில் இருக்காது. ஆனால் ஒரு தேர்வின் வெர்பலையும் இன்னொரு தேர்வின் குவான்டையும் பிரித்து அனுப்ப முடியாது. ஆகவே தேர்வு முடிவில் ‘மதிப்பெண்ணை ரத்து செய்யவா’ என்று திரை கேட்கும்போது, பதற்றத்தில் ஆம் என்று அழுத்த வேண்டிய தேவை உங்களுக்கு இல்லை. ஒரு தேர்வுக்கும் அடுத்ததற்கும் 21 நாள் இடைவெளி வேண்டும். தொடர்ச்சியான 12 மாதத்துக்குள் ஐந்து முறை வரை எழுதலாம். முடிவு வெளிவர எட்டு முதல் பத்து நாள் ஆகும் என்பதால், விண்ணப்பக் கடைசி நாளுக்கு ஒரு மாதம் முன்பே எழுதிவிடுங்கள்.

மெதுவாக வாசிப்பதைப் பற்றி நீங்கள் எழுதியதை நான் இருமுறை வாசித்தேன். கூடுதல் நேரம் கேட்பது ஏமாற்று என்றும், கேட்டால் மதிப்பெண் அறிக்கையில் அதைப் போட்டுவிடுவார்கள் என்றும் எண்ணுகிறீர்கள். இரண்டும் தவறு. கற்றல் குறைபாடு மதிப்பீட்டின் மூலம் உறுதியானவர்களுக்குக் கூடுதல் நேரம், கூடுதல் இடைவேளை போன்ற ஏற்பாடுகளை ஈடிஎஸ் தருகிறது. சிறப்பு ஏற்பாட்டில் எழுதியதாக அறிக்கையில் குறிக்கும் பழக்கம் 2001லேயே கைவிடப்பட்டது. உங்களுக்கு டிஸ்லெக்சியா இருக்கிறதா என்று கடிதத்தை வைத்துக்கொண்டு நான் சொல்ல முடியாது. தகுதியுள்ள உளவியலாளரிடம் முறையான மதிப்பீடு செய்துகொள்ளுங்கள். உறுதியானால், ஆவணங்களைப் பரிசீலிக்கச் சில வாரங்கள் ஆகும் என்பதால், அனுமதி கிடைத்த பிறகே தேர்வு நாளைப் பதிவு செய்யுங்கள்.

பயிற்சி மையமும் டெலிகிராம் குழுவும்

எஸ்ஏடி பயிற்சியைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துக் கல்வி ஆய்வாளர் டெரெக் பிரிக்ஸ் 2009இல் எழுதிய அறிக்கையின்படி, பயிற்சியால் கூடுவது கணிதத்தில் 10 முதல் 20 புள்ளிகள், வாசிப்பில் 5 முதல் 10 புள்ளிகள்தான். அதுவும் ஒவ்வொரு பகுதியும் 200 முதல் 800 வரை நீளும் அளவுகோலில். ஜிஆர்இக்கு அந்த எண்ணை அப்படியே பொருத்த முடியாது. எனினும் 311இலிருந்து 330ஐ உறுதி என்று சொல்கிறவரிடம் உறுதிமொழியின் நிபந்தனைகளை எழுத்தில் கேளுங்கள். ஒரு வகுப்பைத் தவறவிட்டாலும் உறுதி செல்லாதா, தொடக்க மதிப்பெண் இவ்வளவு இருக்க வேண்டும் என்று உண்டா, திரும்பக் கிடைப்பது பணமா அல்லது அதே வகுப்பை மறுபடி கேட்கும் வாய்ப்பா? எழுதித் தர மறுத்தால் அதுவே உங்களுக்குப் பதில். ஒழுங்கும் கண்காணிப்பும் தேவைப்படுகிறவர்களுக்குப் பயிற்சி மையம் உதவும். வேலைக்குப் போய்க்கொண்டே ஐந்து மாதம் நள்ளிரவு வரை படித்த உங்களுக்கு அந்தத் தேவை இருப்பதாக நான் நினைக்கவில்லை.

கேள்விகளை வாங்குவதைப் பற்றி நான் மென்மையாகப் பேசப்போவதில்லை. அவற்றில் பெரும்பாலானவை போலி. உண்மையாகவே இருந்துவிட்டால் உங்கள் நிலை இன்னும் மோசம். தேர்வு எழுதும் ஒவ்வொருவரும் கேள்விகளின் இரகசியத்தைக் காப்பதாக ஒப்புதல் தருகிறார்கள். மீறினால் மதிப்பெண் ரத்தாகும், சேர்ந்த பிறகு தெரியவந்தால் இடமும் பறிபோகலாம். 2008இல் ஜிமேட்டின் நடப்புக் கேள்விகளை இணையத்தில் விற்ற ஒரு தளம் நீதிமன்றத்தில் தோற்றபோது, அதன் கணினிப் பதிவுகள் தேர்வு அமைப்பின் கைக்குப் போய், கேள்விகளைப் பெற்ற பலரது மதிப்பெண்கள் ரத்தாயின. பணம் செலுத்திய தடத்தை உங்களாலும் அழிக்க முடியாது. குழுவிலிருந்து விலகிவிடுங்கள்.

கடிதத்தின் முடிவில், எஸ்ஏடி எழுதவிருக்கும் உங்கள் தம்பிக்கும் ‘தெரியாததைக் காலியாக விடு’ என்று சொல்லிக்கொடுத்ததாக எழுதியிருக்கிறீர்கள். கணினியில் நடக்கும் இப்போதைய எஸ்ஏடியில் 2 மணி 14 நிமிடத்தில் 98 கேள்விகள். அதிலும் தவறான விடைக்குக் குறைப்பு இல்லை, அதிலும் முதல் பகுதியின் செயல்பாட்டைப் பொறுத்தே அடுத்த பகுதியின் கடினம் அமைகிறது. அவருடைய தேர்வு இன்னும் மூன்று வாரத்தில் என்கிறீர்கள். உங்கள் நோட்டைத் தொடங்குவதற்கு முன்னால் அவரை அழைத்து அந்த அறிவுரையைத் திருத்திவிடுங்கள்.